பழைய லாரியின் ஹெட்லைட்: பல்பை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

எண்ணூர் விரைவு சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் நின்று பார்த்தால் இரண்டு விதமான லாரிகள் கண்ணில் படும். ஒன்று, பதினைந்து வருஷம் ஓடிய வண்டி. ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டும். மஞ்சளாக ஒரு மினுக்கல் பம்பருக்கு முன்னால் விழுந்து கிடக்கும். இன்னொன்றும் அதே வயது வண்டிதான், ஆனால் உள்ளே வெள்ளை எல்.இ.டி பல்பு போட்டிருக்கிறார்கள். எதிரே சைக்கிளில் வருகிறவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓரம் கட்டுகிறார். முதல் வண்டியின் டிரைவருக்கு வழி தெரியவில்லை. இரண்டாவது வண்டியால் எதிரில் வருகிறவருக்கு வழி தெரியவில்லை.

எல்.இ.டி போட்டால் அபராதமா, எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று) நின்றுபோகுமா, 100 வாட் பல்பு போட்டால் தீருமா, ரிலே அவசியமா என்று மாதவரத்திலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் வண்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பட்டறைக்குப் பட்டறை பதில் மாறுகிறது. பேட்டரியில் இருந்து பல்புவரை மின்சாரம் எப்படி வந்து சேர்கிறது என்பது புரிந்துவிட்டால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானாகக் கிடைக்கும். மங்கலாக எரியும் பழைய லாரிகளில் பெரும்பாலும் பல்பு நன்றாகவே இருக்கும். அதற்கு வந்து சேரவேண்டிய மின்சாரம்தான் வழியிலேயே தீர்ந்துபோகிறது.

முதலில் அடிப்படை

தெருக்கோடி வீட்டில் குழாய்த் தண்ணீர் ஏன் நூல் மாதிரி வருகிறது? தொட்டியில் தண்ணீர் குறைவதால் இல்லை. குழாய் நீளம், குழாய் குறுகல், நடுவில் துரு. மின்சாரமும் அப்படித்தான். தள்ளும் அழுத்தம் வோல்ட். ஓடும் அளவு ஆம்ப். வழியில் உள்ள தடை ஓம். ஆம்ப்பையும் ஓமையும் பெருக்கினால் வழியில் எத்தனை வோல்ட் தொலைந்தது என்று தெரியும்.

கனரக லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். டாட்டா ஏஸ் மாதிரி சின்ன வண்டிகளில் 12 வோல்ட்தான். பழைய நடுத்தர வண்டிகளில் இரண்டுமே உண்டு, அதனால் பேட்டரி இணைப்பையும் பல்பின் அடியில் பொறித்திருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும்.

பரவலாக இருப்பது மூன்று பின் கொண்ட எச்4 ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள், ஒன்று பிரைட்டுக்கு, ஒன்று டிம்முக்கு. 12 வோல்ட்டில் இதன் அளவு 60/55 வாட், 24 வோல்ட்டில் 75/70 வாட். முதல் எண் பிரைட், இரண்டாவது டிம்.

வெளிச்சம் எங்கே தொலைகிறது?

பல பழைய லாரிகளில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் டிரைவர் கையில் உள்ள சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. பேட்டரியில் கிளம்பி, ஃபியூஸ் பாக்ஸ், லைட் சுவிட்ச், டிம் சுவிட்ச், கேபினுக்கு வெளியே வரும் கனெக்டர், பல்பு ஹோல்டர், பல்பு, அங்கிருந்து எர்த் வயர், சாசி (வண்டியின் இரும்புச் சட்டம்), மறுபடி பேட்டரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் தடை உண்டு. புது வண்டியில் அது கணக்கில் வராது. பதினைந்து வருஷத்தில் எல்லாம் சேர்ந்து 0.4 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பிரைட்டும் எரியும்போது 150 வாட், ஏறக்குறைய 6 ஆம்ப். வழியில் 2 வோல்ட்டுக்கு மேல் தொலையும். அதே 0.4 ஓம் ஒரு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் 120 வாட்டுக்கு 10 ஆம்ப் ஓட வேண்டும், 3 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 12இல் 3 என்பது கால் பங்கு. இதனால்தான் பழைய 12 வோல்ட் வண்டிகளில் இந்த நோய் சீக்கிரம் வெளியே தெரிகிறது.

கால் பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சமும் கால் பங்குதான் குறையும் என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஹாலஜன் இழையின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்காக மாறுகிறது. அதாவது:

1. 5 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் போகும்.
2. 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம் போகும்.
3. 25 சதவீதம் குறைந்தால் மிஞ்சுவது 40 சதவீதத்துக்கும் கீழே.

இந்த மூன்றாவது நிலையில் இருக்கும் வண்டிக்கு என்ன விலை உயர்ந்த ஹாலஜன் பல்பை வாங்கி மாட்டினாலும் அதே மஞ்சள் மினுக்கல்தான். ஆயிரம் ரூபாய் பல்பு பத்து ரூபாய் துருவிடம் தோற்றுப்போகும்.

கடலோரம் ஓடுகிற வண்டியின் வயர்

வடசென்னை லாரிக்கு இந்தத் தடை ஏன் சீக்கிரம் ஏறுகிறது என்பதற்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. காசிமேட்டில் இருந்து எண்ணூர்வரை சாலை கடலை ஒட்டியே போகிறது. துறைமுக நுழைவுக்காகக் கன்டெய்னர் வண்டிகள் அந்த உப்புக் காற்றில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சாசியெல்லாம் வழிகிறது. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கம் போய்வரும் வண்டிகளில் சாம்பல் ஈரத்தோடு சேர்ந்து படிகிறது. படிந்த இடத்தில் ஈரம் சீக்கிரம் காய்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டி மறுநாள் ஸ்டார்ட் ஆகிவிடலாம். கனெக்டருக்குள் புகுந்தது தன் வேலையைக் காட்டப் பல மாதம் ஆகும்.

உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் செம்பில் களிம்பு ஏறும், இரும்பில் துரு பிடிக்கும். பழைய லாரியின் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று பின் ஹோல்டரைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகி வளைந்திருக்கும். பித்தளைத் தகட்டில் பச்சைப் பொடி. அதில் நுழையும் வயரின் மேலுறையைச் சீவினால் செம்பு நிறம் தெரியாது, கருப்பாக இருக்கும். இன்னும் ஒரு சாண் உள்ளே சீவினாலும் கருப்புதான். மெல்லிய இழைகளுக்கு நடுவே ஈரம் ஊறி உள்ளேயே ஏறிவிடுவதால் நுனியை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி முறுக்கினால் பயன் இல்லை. கருப்பேறிய வயரை முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

ஹோல்டர் உருகியதற்குக் கணக்கு எளிது. ஒரு காண்டாக்ட்டில் 0.1 ஓம் தடை, அதில் 10 ஆம்ப் ஓடினால் அங்கே 10 வாட் சூடு பிறக்கிறது. விரல் நகம் அளவு தகட்டில் 10 வாட். பிளாஸ்டிக் தாங்காது. சூட்டில் தகடு தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும்.

கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டெஸ்ட் லேம்ப் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாற்றிவிடும். அது கொஞ்சம் மின்சாரம்தான் இழுக்கும், அதனால் கெட்டுப்போன வயரிலும் நன்றாகவே எரியும். அளவு எடுக்கும்போது ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், பல்பு ஹோல்டரிலேயே இருக்க வேண்டும்.

1. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளவு எடுங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை, 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 28.8 வரை இருந்தால் சரி. குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். கூடுதலாக இருந்தால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வயரை மட்டும் புதுப்பித்தால் பல்பு அடிக்கடி போகும்.
2. எஞ்சினை நிறுத்தி, பிரைட் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொரு முனையைப் பல்பின் பிரைட் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது போகும் வழியில் தொலைந்த வோல்ட்.
3. அடுத்து பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இது திரும்பும் வழியில் தொலைவது.
4. இரண்டையும் கூட்டுங்கள். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல நிலைமை. ஒன்றைத் தாண்டினால் வேலை இருக்கிறது.
5. பெரிய எண் எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தமாக மீட்டரை நகர்த்துங்கள். ஃபியூஸுக்கு முன், ஃபியூஸுக்குப் பின், சுவிட்சுக்கு முன், பின். எண் சட்டென்று குதிக்கும் இடத்தில்தான் கோளாறு.

நிறைய வண்டிகளில் அந்தக் குதிப்பு எர்த் பக்கம் வருவதைப் பார்க்கலாம். ஹெட்லைட் எர்த்தை பம்பர் தகட்டில் ஒரு போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், அதற்கு அடியில் துரு. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறது, டிம் போட்டால் பிரைட் இழையும் இலேசாகச் சிவக்கிறது என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள். திரும்பிப் போக நேர்வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம்.

ரிலே என்ன செய்கிறது?

ரிலே என்பது இன்னொரு சுவிட்ச், கைக்குப் பதிலாக ஒரு சின்ன மின்காந்தம் அதை இயக்குகிறது. அந்தக் காந்தச் சுருளுக்குக் கால் ஆம்ப்கூட வேண்டாம். அதனால் டிரைவர் கையில் உள்ள பழைய சுவிட்ச் இனி உத்தரவு மட்டும் கொடுக்கும், சுமையைத் தூக்காது. பல்புக்கான மின்சாரம் பேட்டரியில் இருந்து தடித்த வயர் வழியாக நேரே வரும்.

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பட்டறையிலும் வேலையைச் சரிபார்க்கலாம்:

1. 30: பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாக வரும் நேரடி வயர்.
2. 87: பல்புக்குப் போகும் வயர்.
3. 86: பழைய பிரைட் வயரோ டிம் வயரோ இங்கே வரும். உத்தரவு வயர்.
4. 85: எர்த்.

பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் ரிலேதான். 12 வோல்ட் ரிலேயைப் போட்டால் சுருள் கருகும். நடுவில் 87ஏ என்று ஐந்தாவது பின் இருந்தால், உத்தரவு இல்லாதபோது அதில் மின்சாரம் இருக்கும் என்பதை நினைவில் வைத்து அதைத் தொடாமல் விடுங்கள்.

மாட்டும்போது பின்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே தண்ணீர் தேங்காது. டயர் தெளிப்பு படாத உயரத்தில் மாட்டுங்கள். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் நம் ஊரில் முழங்கால் அளவு தண்ணீரில் வண்டி ஓட்ட வேண்டிய நாளும் வருகிறது. கேபினுக்குள் வைப்பதால் வயர் ஒரு மீட்டர் நீளும், கொஞ்சம் வோல்ட் போகும். எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடிய நஷ்டம்.

வயர், இணைப்பு, ஃபியூஸ்

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.018 ஓம் தடை. ரெண்டரை ஸ்கொயர் வயரில் 0.007 முதல் 0.008 வரை. நான்கு மீட்டர் ஓட்டத்தில் 10 ஆம்ப் ஓடினால் முதலாவதில் 0.7 வோல்ட் போகும், இரண்டாவதில் 0.3தான். பேட்டரியில் இருந்து ரிலேவரைக்கும் ரெண்டரை ஸ்கொயர், எர்த்துக்கும் அதே தடிமன். போகும் வயரைத் தடியாகப் போட்டுவிட்டு எர்த்துக்கு மெல்லிய வயரைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும்.

வீட்டு வயரிங்குக்கான வயரை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்கான வயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும், அதிர்வில் ஒடியாது, எஞ்சின் சூட்டையும் எண்ணெய்யையும் தாங்கும். கடலோர வண்டிக்கு ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதில் தப்பே இல்லை.

வேலையின் தரம் இணைப்பில்தான் தெரியும். இரண்டு வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றுவதுதான் பழைய வழக்கம். வெயிலில் டேப்பின் பசை இளகி உரியும், மழையில் உள்ளே தண்ணீர் போகும், போனது வெளியே வராது. சரியான அளவு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து, அதற்கான கருவியால் நெரித்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவைச் சூடுகாட்டி இறுக்கினால் அந்த இணைப்பு வருஷக்கணக்கில் நிற்கும். இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிட்டால் அது இணைப்பே இல்லை. பற்றவைத்தால் உறுதி என்று நினைப்பார்கள். ஈயம் வயருக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், லாரி அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் இழைகள் ஒடியும். பேட்டரி டெர்மினலிலும் எர்த் போல்ட்டிலும் இறுக்கிய பிறகு வாசலின் தடவும் பழைய பழக்கம் மட்டும் இன்றைக்கும் நல்ல பழக்கம்தான்.

தகட்டுத் துளை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் இல்லாவிட்டால், அதிர்வில் தகடே கத்தியாகி மேலுறையை அறுக்கும். அங்கே ஷார்ட் ஆனால் காப்பாற்றுவது ஃபியூஸ் மட்டும்தான். அதனால் புது வயருக்கான ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. முடிந்தால் இடது, வலது ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். ராத்திரி வளைவில் இரண்டும் ஒன்றாக அணைந்தால் என்ன ஆகும் என்பது டிரைவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபியூஸ் போன இடத்தில் வயர்த் துண்டையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ செருகினால், அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது வயரிங் முழுவதும்.

மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் ஓடும் பெட்ரோல், கேஸ் டேங்கர்கள் இந்தக் கட்டுரைக்கு வெளியே. அவற்றின் வயரிங்குக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் தனி விதிகள் இருக்கின்றன. அதில் ஒரு வயரைக்கூடத் தெருப் பட்டறையில் கூட்டிச் சேர்க்கக் கூடாது.

100/90 பல்பு

12 வோல்ட் வண்டியில் 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் போட்டால் ஆம்ப் 1.67 மடங்கு ஆகிறது. சூடு ஆம்ப்பின் இருமடி என்பதால் ஒவ்வொரு காண்டாக்ட்டிலும் சூடு ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகும். ஏற்கெனவே பழுப்பேறிய ஹோல்டரின் கதி என்ன? ரிலே போட்டிருந்தாலும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு அந்தச் சூட்டில் மங்கும், எதிரில் வருகிறவரின் கண் கூசும். தடை நீங்கிய வயரில் 60/55 தருகிற வெளிச்சம், நோயுள்ள வயரில் 100/90 தருவதைவிட நன்றாகவே இருக்கும்.

ரிஃப்ளெக்டரைப் பற்றி ஒன்று. உள்ளே மங்கிவிட்டது என்று துணி விட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும். மங்கியதென்றால் டூமை, அதாவது ரிஃப்ளெக்டரோடு சேர்ந்த ஹெட்லைட் கூட்டை, மாற்ற வேண்டியதுதான். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி, அந்த இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும்.

எல்.இ.டி பல்பு ஏன் கூசுகிறது?

ஹாலஜன் டூமின் வளைவு, இழை இருக்கும் அந்த ஒரே இடத்தை மனதில் வைத்து வடிவமைத்தது. எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகட்டுக் கிண்ணம் இருக்கும். அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கிறது. கீழ்ப் பாதியில் பட்டிருந்தால் அந்த வெளிச்சம் மேலே எழும்பி எதிராளியின் கண்ணுக்குப் போயிருக்கும். எல்.இ.டி பல்பில் இழை கிடையாது, தட்டையான இரண்டு பக்கங்களில் சில்லுகள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் மாறினாலே மேல் எல்லை கலைந்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும்.

டிரைவருக்கு மட்டும் பிரமாதமாகத் தெரிகிறதே என்றால், பம்பருக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதால்தான். கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கிவிடும். தூரத்தில் இருட்டில் நடந்து போகிறவர் அப்போது முன்னைவிடக் குறைவாகவே தெரிவார். மழையிலும் புழுதியிலும் வெள்ளை வெளிச்சம் சிதறித் திரும்பித் தன் கண்ணுக்கே வரும்.

இன்னொரு சங்கடம் நம் ஊருக்கென்றே இருக்கிறது. எல்.இ.டி பல்புக்குப் பின்னால் விசிறியோ வெப்பத் தகடோ நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டூமின் பின்பக்க ரப்பர் மூடியை வெட்டிவிடுவார்கள், இல்லை கழற்றியே போடுவார்கள். உப்புக் காற்று நேரே ரிஃப்ளெக்டருக்குப் போகும். அந்தக் குட்டி விசிறியும் சாம்பலில் நின்றுவிடும்.

ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அனுமதி பல்புக்குப் பொதுவாகக் கிடையாது. இந்தப் பல்பு இந்த வண்டியின் இந்த ஹெட்லைட்டில் என்று ஜோடி ஜோடியாகச் சோதித்துக் கொடுத்தது. பொருத்தம்தான் விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எல்.இ.டிதான் வேண்டும் என்றால், சொந்த லென்ஸோடு எல்.இ.டிக்கென்றே செய்த முழு ஹெட்லைட் யூனிட்தான் தொழில்நுட்ப ரீதியில் சரியான வழி. அதற்கும் சட்டப் பக்கம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, கீழே வருகிறது. அந்த யூனிட்டும் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதாக இருக்க வேண்டும். சுவரில் டிம் அடித்துப் பாருங்கள்: வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடது ஓரத்தில் ஏறினால் நமக்கானது. வலது ஓரத்தில் ஏறினால் அது வேறு நாட்டுச் சரக்கு, எதிர் வண்டிக்காரரைக் குருடாக்கும்.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் விளக்கையோ பாட்டுப் பெட்டியையோ இரண்டு பேட்டரிக்கு நடுவில் இருந்து இழுத்துக் கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். ஒரு பேட்டரி மட்டும் வடிந்துகொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றும் என்பதால் மற்றதற்குக் கூடுதல் சார்ஜ் போய் ஆசிட் கொதிக்கும். ஒன்று பட்டினி, ஒன்று அஜீரணம், கடைசியில் இரண்டும் போகும். இதற்கென்று 24ஐ 12ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 105ஆம் விதிப்படி, ஹெட்லைட் வெளிச்சத்தில் 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் மங்கலான ஹெட்லைட்டும் விதிமீறல்தான்.
2. 106ஆம் விதி கூச்சத்தைப் பற்றியது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்தில் இருந்து அரை மீட்டர் தள்ளி, தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. எதிரே வருகிறவரின் கண் இருக்கும் இடம் ஏறக்குறைய அதுதான்.
3. 111ஆம் விதிப்படி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் போடப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான்.
4. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

கருப்பேறிய வயரை மாற்றி, ரிலே சேர்த்து, அதே 75/70 பல்பைப் போடுவது என் பார்வையில் பழுதுபார்ப்பு. டூமை எல்.இ.டி யூனிட்டாக மாற்றுவது அப்படி இல்லை; பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி எடுக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பழைய பல்பை மாட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வருபவர்கள், மீதி நாட்களில் தெருவில் நடக்கிறவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

லோடு ஏற்றியபின் ஃபோகஸ்

இவ்வளவு செய்துவிட்டு ஃபோகஸ் வைக்காமல் விட்டால் பாதி வேலைதான். சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 20 செ.மீ. கீழே நிற்க வேண்டும்.

பெரும்பாலும் இதைக் காலி வண்டியில் வைத்துவிடுகிறார்கள். லோடு ஏறினால் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் அமுங்கும், மூக்கு தூக்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 8 செ.மீ. கூடுதலாக இறங்கியது, முன்பின் அச்சுக்கு நடுவே 4.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் 10 மீட்டரில் 19 செ.மீ. மேலே ஏறும். காலியாக இருந்தபோது கோட்டுக்கு 10 செ.மீ. கீழே இருந்த விளிம்பு இப்போது 9 செ.மீ. மேலே. 50 மீட்டர் தூரத்தில் அது 45 செ.மீ. உயரம். விளக்கு தரையில் இருந்து 90 செ.மீ. என்றால் 1.35 மீட்டர், ஏறக்குறைய பைக்கில் வருகிறவரின் முகம். டிம் போட்டும் எதிர் வண்டிக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்ப லைட் அடித்துக் காட்டுகிறார்கள் என்று சில டிரைவர்கள் கேட்பதற்கு விடை இதுதான்.

அதனால் வண்டி வழக்கமாக எந்த லோடில் ஓடுகிறதோ அந்த லோடோடு ஃபோகஸ் வையுங்கள். எடை மேடையில் இருந்து இறங்கியதும், பக்கத்தில் தட்டையான இடமும் ஒரு காம்பவுண்டு சுவரும் இருந்தால் பத்து நிமிஷ வேலை. காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் கிட்டத்திலேயே விழும். மேலே சொன்ன கணக்கில் 90 மீட்டர் போகவேண்டியது 30 மீட்டரில் தரையைத் தொடும். அந்த ஓட்டத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லை ஃபோகஸ் ஸ்க்ரூவைத் திருப்ப ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேபினிலேயே இருக்க வேண்டும். காலிக்கு எத்தனை சுற்று, லோடுக்கு எத்தனை சுற்று என்று ஒரு தடவை எண்ணி, ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதிவைத்தால் கிளீனர் பையனே மாற்றிவிடுவான்.